எண்பது நாளுக்கு ஒரு பெயர்

“உங்க பேரு என்னாண்ணே?” என்று கேட்டேன்.

“இன்னிக்கா?” என்று திருப்பிக் கேட்டார் அவர்.

2003 ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. நடுநாடு கமர்ஷியல் பேங்கின் புதுச்சேரிக் கிளையில் கிளார்க்காகச் சேர வந்த முதல் நாள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவன் நான். பஸ் தவளக்குப்பத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து விடியும்போதே கிளம்பிவிட்டதால், எட்டேகாலுக்கெல்லாம் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் வந்து நின்றேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், காதோரம் மட்டும் நரை.

என் சான்றிதழ்க் கட்டை ஈரம் படாமல் இரண்டு விரலால் வாங்கினார். மேலே இருந்ததை வாய்விட்டுப் படித்தார். “பி.காம். முதல் வகுப்பு.” எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது. எங்கள் தெருவிலும் அதுதான் முதல். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பெருமையாக வாசித்ததில் எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அதனால்தான் பெயரைக் கேட்டேன்.

“இன்னிக்கு கோவிந்தசாமி. வர்ற பதினெட்டாம் தேதியோட அது முடியுது. பத்தொம்போதுலேர்ந்து ராஜாங்கம்” என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பத்து மணிக்குக் கேஷியர் அஞ்சலாட்சி அம்மா வந்து உட்கார்ந்ததும், “என்னாப்பா கோவிந்தசாமி, டீ இன்னும் வரல? ராஜாங்கம் வந்துதான் வாங்கியாரணுமா?” என்று கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தூக்கை எடுத்துக்கொண்டு போனார். பத்தொன்பதாம் தேதி வந்தது. அன்று அவர் உண்மையாகவே ராஜாங்கம் ஆனார்.

அவருடைய சொந்தப் பெயர் அரிகிருஷ்ணன். ஊர் முதலியார்பேட்டை. அப்பா பக்கிரி, மில் தொழிலாளி. மில் ஆறு மாதம் ஓடும், ஆறு மாதம் பூட்டும். அரிகிருஷ்ணன் எட்டாவதோடு நின்றதும் அப்படிப் பூட்டிய ஒரு வருடத்தில்தான். 1981-இல், இந்தக் கிளையின் பியூன் காலில் அடிபட்டு லீவில் போனபோது, “ரெண்டு மாசத்துக்கு ஒரு ஆளு வேணும்” என்று யாரோ சொல்லி உள்ளே வந்தார். பழைய பியூன் திரும்பி வரவில்லை. அந்த இடத்தைத் தலைமை அலுவலகம் நிரப்பவும் இல்லை. இரண்டு மாதம் நீண்டுகொண்டே போயிற்று. நான் சேர்ந்தபோது இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

பெயர் விஷயம் இதுதான். ஒரே ஆள் ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால், என்னை நிரந்தரமாக்கு என்று கேட்க அவனுக்கு வழி பிறந்துவிடும். அது பிறக்கக் கூடாது என்பதற்காக, தற்காலிக ஆள் யாரையும் எண்பது நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்று தலைமை அலுவலகம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. எழுத்தில் கிடையாது. ஆனால் ஒவ்வோர் எண்பது நாளுக்கும் புது ஆளைப் பிடித்து, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்லிக்கொடுக்க எந்த மேனேஜருக்கும் பொறுமை இல்லை. ஆளை மாற்றாமல் பெயரை மாற்றினார்கள். சம்பள வவுச்சரில் ஒரு எண்பது நாள் அரிகிருஷ்ணன். அடுத்து அவருடைய அப்பா பக்கிரி. அதற்கடுத்து பக்கத்து வீட்டு கோவிந்தசாமி. கடைசியில் அவர் மனைவியின் தம்பி ராஜாங்கம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. நான்கு பெயருக்கும் கையெழுத்துப் போட்டது ஒரே கை.

இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக அப்போது எனக்குத் தெரியவில்லை. பெருமை இருந்தது. ஒருநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய செலான் ஒன்றின் பின்பக்கத்தில் நான்கையும் போட்டுக் காட்டினார். அரிகிருஷ்ணன் உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. கோவிந்தசாமி இடப்பக்கம் சாய்ந்து, கீழே இரண்டு புள்ளி. பக்கிரி ஒவ்வோர் எழுத்தும் நடுங்கி நடுங்கி.

“அப்பாவுக்குக் கை நடுங்கும் தம்பி. அதான் நடுங்கியே போடறது” என்றார்.

பேங்குக்குள்ளே அவர் எல்லாரையும் ‘சார்’ என்பார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நான் ‘தம்பி’.

ராஜாங்கத்தின் கையெழுத்துதான் அவருடைய செல்லம். பெரிய ‘ஆர்’ போட்டு, கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்து, அதைப் பெயருக்கு அடியில் பாம்புபோல் வளைத்து இரண்டு தடவை குறுக்கே வெட்டுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்கள் நிறையப் பேருக்கு எங்கள் கிளையில் கணக்கு. அவர்களுடைய மாதிரிக் கையெழுத்து அட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியது அது.

“எதுக்குண்ணே இவ்ளோ மெனக்கெடறது? சும்மா எழுதினா போதாதா?”

“ஆடிட்டர் வந்து நாலும் ஒரே கைன்னு கண்டுபுடிச்சா மேனேஜர் மாட்டிக்குவாரு. அந்தக் காலத்து மேனேஜர் சொல்லிக் குடுத்தாரு, அரி, உனக்கே சந்தேகம் வரணும்டா, நாமதான் போட்டமான்னு. பதினெட்டு ஆடிட் பாத்தாச்சு. ஒருத்தன் புடிக்கல.”

பக்கிரி 1991-இல் இறந்துபோனார். காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்து அரிகிருஷ்ணன் அப்போதிருந்த மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார், அப்பா பெயரை எடுத்துவிடலாம் என்று. “அதனால என்னாப்பா? பேரு ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப மாத்தினா ஹெட் ஆபீஸ்ல ஏன் எதுக்குன்னு கேப்பான். இருந்துட்டுப் போவட்டும்” என்று அவர் சொல்லிவிட்டார். பக்கிரி அதற்கப்புறமும் பதினைந்து வருடம் எங்கள் கிளையில் வேலை பார்த்தார். ஒருமுறை அஞ்சலாட்சி அம்மா, “உங்கப்பாவுக்கு மில்லுல கெடைக்காத அட்டெண்டன்ஸ் இங்க கெடைக்குதுப்பா” என்று சொன்னார். அரிகிருஷ்ணன் அதற்கும் சிரித்தார்.

2005 கடைசியில் பேங்குக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு மலர் போட ஏற்பாடு நடந்தது. ஒவ்வொரு கிளையும் தன் வரலாற்றை நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். நான் தமிழில் கவிதைப் போட்டிக்கெல்லாம் பேர் கொடுத்தவன் என்று தெரிந்து மேனேஜர் என் தலையில் கட்டினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கிளையில் யாரைக் கேட்டாலும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் பின்னால் போகத் தெரியவில்லை. எல்லாரும் மாற்றலாகி வந்தவர்கள். அஞ்சலாட்சி அம்மாவே ஆறு வருடம்தான்.

பரண்மேல் ஏறிப் பழைய கட்டுகளை இறக்கித் தந்தவரும் சொன்னவரும் அரிகிருஷ்ணன்தான். 1931-இல் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேங்க் அது. மல்லாட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. முதல் பெயரே ‘நடுநாடு மல்லாட்டை வியாபாரிகள் பேங்க்’. யுத்தத்துக்குப் பிறகு மல்லாட்டையை எடுத்துவிட்டுக் கமர்ஷியலைப் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருடம் புதுச்சேரியில் கிளை. இரும்புப் பெட்டியை ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவரும்போது அச்சு முறிந்து, ஒரு பகல் முழுக்க அது நடுத்தெருவில் கிடந்தது. மார்க்கெட் மீன்காரிகள் அதன்மேல் கூடையை இறக்கி வைத்து வியாபாரம் பார்த்தார்கள். மில் வேலைநிறுத்தத்தின்போது கிளையை மூன்று நாள் பூட்டியது, 1998-இல் பெயரைச் சுருக்கி ‘என்.சி. பேங்க்’ என்று நீலப் பலகை மாட்டியது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. அந்த நீலப் பலகைக்கு ஏணி பிடித்தவரும் அவர்தான்.

நாலு பக்கம் எழுதி முடித்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘இத்தகவல்களைத் தந்துதவியவர், கால் நூற்றாண்டாக இக்கிளையில் பணிபுரியும் திரு. அரிகிருஷ்ணன்.’ மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் அந்த வரியை மட்டும் அடித்தார்.

“தமிழ்மாறா, நீ படிச்சவன்தானே? இது அச்சுல வந்தா நாளைக்கு அவனுக்கு இதுவே சாட்சி ஆயிடும். கால் நூற்றாண்டு, பணிபுரியும், பேரு, எல்லாத்தையும் நீயே எழுதிக் குடுத்திருக்க. வேலைக்கு உலை வெச்சிடுவ போலிருக்கே, உனக்கும் எனக்கும்.”

மிச்சத்தை நான் உறையில் போட்டு அனுப்பினேன். மலர் வந்தது. பளபளப்பான தாள். எங்கள் கிளையின் படத்தில் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறோம். அந்தப் படத்தை எடுத்தவர் கேமராவைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆளான அரிகிருஷ்ணன்.

மலர் வெளியான ஏழாவது மாதம் பேங்க் கவிழ்ந்தது. சென்னையில் யாரோ நாலு கட்டடக்காரர்களுக்குத் தலைமை அலுவலகம் கொடுத்த கடன் மொத்தமும் போய்விட்டது என்று பேப்பரில் வந்தது. மார்க்கெட் வியாபாரிகளும் பென்ஷன்காரர்களும் காலையிலேயே வந்து வாசலில் நின்றார்கள். அரிகிருஷ்ணன் குடத்தில் தண்ணீர் வைத்து எல்லாருக்கும் மொண்டு கொடுத்தார். “உங்க பணம் எங்கயும் போவாது, நான் இங்கதான இருக்கேன்” என்று ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் அதை நம்பி வீட்டுக்குப் போனார்.

பணம் போகவில்லை. மும்பையில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு பெரிய வங்கி எங்களை விழுங்கிக்கொண்டது. நிரந்தர ஊழியர்கள் அப்படியே தொடரலாம். தற்காலிக ஊழியர்களில், ஏதாவது ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்ததற்குப் பதிவு உள்ளவர்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மூன்று மாதத்தில் நின்றுவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

2006 டிசம்பரில் பட்டியல் வந்தது. எங்கள் கிளையிலிருந்து ஒரு பெயர்தான். ராஜாங்கம், கடைநிலை ஊழியர், 1999-ஆம் ஆண்டு, இருநூற்று ஐம்பத்தொரு நாட்கள்.

அந்த வருடம் அப்போதைய மேனேஜர் இருதய ஆபரேஷனுக்குப் போய்விட, பொறுப்பில் இருந்தவர் பெயரை மாற்ற மறந்துவிட்டார். அரிகிருஷ்ணனும் ஞாபகப்படுத்தவில்லை. மாதக்கணக்கில் ராஜாங்கமாகவே அந்த வாலை இழுத்து இழுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பட்டியலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பேங்குக்குள்ளேதான் நின்றிருந்தோம். ஆனாலும் தம்பி என்றார்.

“தம்பி, இது நான்தானே?”

“நீங்கதாண்ணே.”

“அப்ப இதுல என் பேரு எப்ப வரும்?”



மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதலியார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மணியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தம்பி ராஜாங்கமும் வந்திருந்தார். நாற்பத்துநான்கு வயது, மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கடிதம் அவர் பெயருக்குத் தனியாகத் தபாலில் வந்துவிட்டிருந்தது. அதை லாமினேஷன் செய்யாத குறையாகக் கையில் வைத்திருந்தார்.

“மாமா, நான் போயி சேந்துக்கறேன். மாசாமாசம் பாதி அக்கா கையில குடுத்துடறேன். கோயில்ல வேணா சத்தியம் பண்ணச் சொல்லு” என்றார்.

“நீ எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவின்னு தெரிஞ்சிக்கவே ஒரு வருஷம் ஆவும்டா.”

“உனக்குத் தெரியுமே மாமா, நீ சொல்லிக் குடேன்.”

மணியம்மாள் கீரையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். “இருவத்தஞ்சு வருஷமா என் தம்பி பேர எடுத்து வெச்சிக்கிட்டு சம்பாரிச்சாச்சு. இப்ப அந்தப் பேருக்கு ஒரு நல்லது வந்தா மட்டும் கசக்குதா? எவன் பேர்ல வந்தா இன்னா, சோறு பொங்கற ஒலை ஒண்ணுதானே.”

அரிகிருஷ்ணனும் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். பிறகு, “அந்த எடத்துல ஒரு நாளாவது அரிகிருஷ்ணன்னு போட்டு உள்ள போவணும் மணி. வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் மூன்று பேருமே என்னைப் பார்த்தார்கள். படித்தவன் என்று அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். உண்மையை எழுதிக் கொடுத்தால் சட்டம் நம் பக்கம் நிற்கும் என்றேன். நான்கு பேர் நாட்களையும் கூட்டினால் ஒவ்வொரு வருடமும் முந்நூறு நாள் வரும், ஒரு வருடம் இல்லை, இருபத்தைந்து வருடம் வரும் என்றேன். ராஜாங்கத்தைச் சேர விடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நான் அப்படிச் சொல்லவில்லை.

மனுவை நானே எழுதினேன். அதற்காக இரண்டு நாள் தொழிற்சட்டப் புத்தகம் படித்தேன். ‘மேற்குறித்த நால்வரும் நானே என்பதை இதன்வழி பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்ற வரியை எழுதியபோது எனக்கு நிறைவாக இருந்தது. யார் எழுதியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இணைப்புக்குப் பிறகு எங்கள் பணிமூப்பை நிர்ணயிக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது.

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை, பெரிய வங்கியின் சென்னை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், குரலே உயர்த்தவில்லை. மேனேஜர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் பாதிக் கண்ணாடித் தடுப்புதான். எல்லாம் காதில் விழுந்தது.

முதலில் மேனேஜரைக் கேட்டார். “நான் வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் சார். நாலு ஆளுங்க மாத்தி மாத்தி வருவாங்க” என்றார் மேனேஜர்.

அடுத்து அஞ்சலாட்சி அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. “மூஞ்சியப் பாத்ததில்ல சார். டீ வந்தாப் போதும் எனக்கு” என்றார். வெளியே வரும்போது என் பக்கம் பார்க்காமல் போனார்.

பிறகு அரிகிருஷ்ணன். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

“பக்கிரிங்கிறது யாருங்க?”

“எங்கப்பா சார்.”

“அவரையும் வரச் சொல்லியிருக்கலாமே.”

“அவரு தொண்ணூத்தியொண்ணுலயே தவறிட்டாரு சார்.”

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, நான்கு பெயரையும் கையெழுத்தாகப் போடச் சொன்னார். அரிகிருஷ்ணன் போட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் முழங்கை அசைவது மட்டும் தெரிந்தது. அசைவை வைத்தே எந்தப் பெயர் என்று எனக்குச் சொல்ல முடிந்தது. கடைசியில் அந்த வால், இரண்டு வெட்டு. அதிகாரி பழைய வவுச்சர்களோடு வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“அச்சு அசல்” என்றார். “நாலும் ஒரே கைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்.”

“நான்தான் சார் போட்டேன்.”

“இப்ப நீங்க போட்டீங்க. அதை நான் பாத்தேன். அப்ப யாரு போட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எதைப் பாத்தாலும் இப்படிப் போட வருது உங்களுக்கு.” மனுவைக் கையில் எடுத்தார். “இதை யாரு எழுதினது?”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“நானே எழுதினேன் சார்” என்றார் அரிகிருஷ்ணன்.

“எட்டாவது வரைக்கும்தானே படிச்சிருக்கீங்க. இதுவும் நீங்களா?”

“ஆமா சார்.”

எழுந்து உள்ளே போக எட்டு அடிகூட இல்லை. நான் எழுதினேன், நான்கு வருடமாக இவரைத்தான் தினமும் பார்க்கிறேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கவுண்டரில் பாஸ்புக் நீட்டிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். நான் அதை வாங்கிப் பதிவு போட்டேன்.

ராஜாங்கத்தையும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே அழைத்து, “உங்க கையெழுத்தைப் போடுங்க” என்றார் அதிகாரி. ராஜாங்கம் லோடு சீட்டில் போடுவதுபோல் பெயரைத் தமிழில் கோணல்மாணலாகக் கிறுக்கினார். வவுச்சரில் இருந்த ராஜாங்கத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“இருநூத்தி அம்பத்தியோரு நாள் இதுவா போட்டீங்க?”

ராஜாங்கம் தன் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. அரிகிருஷ்ணனின் கோரிக்கை நிரூபிக்கப்படவில்லை. ராஜாங்கத்துக்கு அனுப்பிய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. இறந்தவர் பெயரில் ஊதியம் பெற்றதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருந்தாலும், அவர் வயதைக் கருதிக் காவல்துறைக்குப் போகவில்லை. அரிகிருஷ்ணன், பக்கிரி, கோவிந்தசாமி, ராஜாங்கம் ஆகிய பெயர்களில் எவரையும் இனி எந்தக் கிளையிலும் எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது.

ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் படித்துச் சொன்னேன்.

“கோவிந்தசாமி பாவம், அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது” என்றார் அவர். அதைத்தான் முதலில் சொன்னார்.

சாவிக் கொத்தை மேனேஜர் மேசையில் வைத்தார். பதினோரு சாவி. எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். “போதும்பா, பூட்டெல்லாம் மாத்தப் போறாங்க” என்றார் மேனேஜர். வாசலில் நீலப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏணியை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததை நான் கொஞ்சம்தான் அறிவேன். ராஜாங்கம் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மார்க்கெட்டில் என்னைப் பார்த்தபோது, “எனக்குன்னு வீட்டுக்கு வந்த ஒண்ணு சார். தானும் தின்னல, என்னையும் திங்க விடல” என்றார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லா எழுதுனாங்க மனு” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. மணியம்மாள் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி வீட்டோடு போய்விட்டார். சண்டை எதுவும் இல்லையாம். துணிப் பையை எடுத்துக்கொண்டு, “சோறு ஆக்கி மூடி வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

எனக்கு அந்த வருடமே பணிமூப்பு கிடைத்தது. அடுத்த வருடம் அதிகாரிப் பதவிக்கான தேர்வு எழுதி ஜெயித்தேன். ஊரில் பேனர் வைத்தார்கள். அந்த வாரத்தில்தான் ஒரு வக்கீலைப் பார்த்து அவருடைய விஷயத்தைச் சொன்னேன். பழைய வவுச்சர்கள் வேண்டும், உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் வக்கீல். வவுச்சர்கள் மூட்டை மூட்டையாக மும்பைக்குப் போய்விட்டிருந்தன. சாட்சி நான் சொல்கிறேன் என்றேன். ஒப்புதல் வாங்க அரிகிருஷ்ணனைத் தேடிப் போனேன்.

தவளக்குப்பத்துக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த அவர், அங்கே மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வக்காலத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கவில்லை.

“வேணாம் சார்” என்றார்.

மறுபடியும் சார் ஆகிவிட்டேன். தம்பி என்று கூப்பிடச் சொல்லி எப்படிக் கேட்பது? “அன்னிக்கே நான் எழுந்து வந்து சொல்லியிருக்கணும்ணே” என்றேன்.

“ஆமா” என்றார். திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கொஞ்சம் கழித்து, “பஸ் வந்துடும், கெளம்புங்க” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் உள்ளே வேலையாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது 2009. அரிகிருஷ்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலூர் சாலையில் அதே கல்யாண மண்டபத்தில் தண்ணீர் மோட்டார் போடுகிறார், கூடத்தைக் கழுவிவிடுகிறார், இரவில் அங்கேயே படுத்துக்கொள்கிறார். மணியம்மாள் முதலியார்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறார். நான் காரைக்கால் கிளையில் உதவி மேனேஜராக இருக்கிறேன்.